ஷாங்க்லியா, பெய்ஸ்லியா, டல்கிளிஷா, க்ளாப்பா? உங்கள் ஓட்டு யாருக்கு?

கோப்_கடைசிப்படி

லிவர்பூல் கால்பந்து ரசிகர்களே, சண்டை போட ஒரு தலைப்பு தருகிறேன். நம் கிளப்பின் மேனேஜர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஓட்டெடுப்பில் நாலு பெயர்தான்: பில் ஷாங்க்லி (1959-74), பாப் பெய்ஸ்லி (1974-83), கென்னி டல்கிளிஷ் (1985-91, அப்புறம் 2011-12), யூர்கன் க்ளாப் (2015-24). ஒருவருக்கு ஓர் ஓட்டு. போட்ட பிறகு மாற்ற முடியாது.

பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள், காரணமும் எழுதுங்கள். "அவர் காலத்தில் நான் பிறக்கவே இல்லை" என்பதைக் காரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். அப்படிப் பார்த்தால் ஷாங்க்லிக்கு இங்கே ஓட்டே விழாது.

ஒரிகி_96

க்ளாப். அடுத்த கேள்வி?

பதினான்கு_கோப்பை

தம்பி, அவசரப்படாதீர்கள். ஒன்பது சீசன், ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்), ஒரு யூஇஎஃப்ஏ கோப்பை, ஒரு சூப்பர் கப், மூன்று லீக் கப். சீசன் தொடக்கத்தில் ஒரே ஆட்டமாக நடக்கும் சேரிட்டி ஷீல்டை விட்டுவிட்டு எண்ணினாலே பதினான்கு. ஐரோப்பியக் கோப்பையை மூன்று முறை வென்ற முதல் மேனேஜர் பெய்ஸ்லிதான். உங்கள் க்ளாப்பும் ஒன்பது சீசன்தான் இருந்தார், அதில் முதல் சீசனில் அக்டோபரில் வந்து சேர்ந்தார். லீக் பட்டம் எத்தனை? ஒன்று. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

ஒரிகி_96

அண்ணே, தலைப்பை மறுபடி படியுங்கள். "சிறந்த" என்று கேட்கவில்லை, "பிடித்த" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கோப்பையை எண்ணித்தான் முடிவு செய்வது என்றால் ஓட்டெடுப்பு எதற்கு, கால்குலேட்டர் போதுமே.

கணக்குதான் வேண்டும் என்றால் அதற்கும் வருகிறேன். 2018-19-ல் க்ளாப்பின் அணி 38 ஆட்டத்தில் 30 வெற்றி, 7 டிரா, ஒரே ஒரு தோல்வி. 97 புள்ளி. ஆனால் இரண்டாம் இடம். மான்செஸ்டர் சிட்டி 98. பெய்ஸ்லியின் மிகச் சிறந்த சீசன் என்று எல்லோரும் சொல்வது 1978-79. அதிலும் 30 வெற்றிதான், அதுவும் 42 ஆட்டத்தில். அதற்குப் பட்டம் கிடைத்தது, இதற்குக் கைதட்டல் கிடைத்தது. எதிரே நிற்பவன் யார் என்பதையும் பாருங்கள்.

பதினான்கு_கோப்பை

அந்த 42 ஆட்டத்தில் வாங்கிய கோல் 16. சொந்த மைதானத்தில் சீசன் முழுக்க நாலே நாலு. சொந்த அணிக்காரர் பின்னால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் அன்றைக்குக் கையால் எடுக்கலாம் என்ற விதி இருந்ததே என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்த விதி எதிரணிக்கும் இருந்தது.

சிவப்புக்_காலுறை

இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள். கீழே அஸ்திவாரம் தோண்டியவரை யாரும் கவனிக்கவில்லை.

1959 டிசம்பரில் ஷாங்க்லி வந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1954-லிருந்தே அங்கேதான். மெல்வுட் பயிற்சித் திடல் புதர் மண்டிக் கிடந்தது. 1962-ல் மேலே ஏற்றினார், 1964-ல் பட்டம், 1965-ல் கிளப் வரலாற்றிலேயே முதல் எஃப்.ஏ. கோப்பை. அந்த இறுதியாட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஜெர்ரி பைர்னுக்குத் தோள்பட்டைக்குக் கீழே காறை எலும்பு முறிந்தது. அப்போது மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இல்லை. எலும்பு முறிந்த விஷயத்தை எதிரணியான லீட்ஸுக்குத் தெரியாமல் மறைத்தார்கள். மனிதர் கூடுதல் நேரம் உட்பட முழு 120 நிமிடமும் ஆடினார். ஆடியது மட்டுமா, கூடுதல் நேரத்தில் முதல் கோலுக்கு ஹன்ட்டின் தலைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்ததும் அவர்தான். இப்படி ஒருவர் ஆட வேண்டுமென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்?

முழுச் சிவப்பு உடையும் அவர் யோசனைதான். அதுவரை கால்சட்டை வெள்ளை. 1964-ல் ஆண்டர்லெக்ட் ஆட்டத்துக்குமுன் கேப்டன் ரான் யேட்ஸிடம் சிவப்புக் கால்சட்டையைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். ஆள் ஏழடி உயரம் போலத் தெரிகிறார் என்று ஷாங்க்லிக்கு ஒரே சந்தோஷம். காலுறையும் சிவப்பாகவே இருக்கட்டும் என்று சொன்னது இயான் செயின்ட் ஜான். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் தனிச்செய்தியில் கேட்க வேண்டாம்.

நீலச்சட்டை

உங்கள் ஊர் எதிரணி எவர்ட்டன்காரன் உள்ளே வரலாமா? ஓட்டுப் போட மாட்டேன், வேடிக்கை பார்க்க மட்டும்.

கோப்_கடைசிப்படி

வாங்க. செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும்.

ஏழாம்_எண்

நான் டல்கிளிஷுக்குப் போட்டேன். நீண்ட நேரம் யோசித்துத்தான் போட்டேன்.

1985-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த மறுநாள் பொறுப்பேற்றவர் அவர். அப்போது வயது 34, இன்னும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர். முதல் சீசனிலேயே லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வென்றார். லீக்கை உறுதி செய்த கோலை செல்சி மைதானத்தில் மார்பில் வாங்கிக் காலால் அடித்ததும் அவரே. மேனேஜரே கோல் போட்டுப் பட்டம் வாங்கித் தருவது எல்லாம் கதையில்கூட எழுத மாட்டார்கள்.

ஆனால் என் ஓட்டு அதற்காக இல்லை. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். ஆட்டம் பார்க்கப் போனவர்களில் 97 பேர் நெரிசலில் சிக்கி இறந்துபோனார்கள். அதற்குப் பிந்தைய நாட்களில் அவர் இறுதிச் சடங்கு இறுதிச் சடங்காகப் போய் நின்றார். ஒரே நாளில் நாலு. அவரும் ஆட்டக்காரர்களும் குடும்பங்களோடு உட்கார்ந்தார்கள். அதற்கென்று யாரும் அவருக்குப் பயிற்சி தரவில்லை. அந்தச் சுமையோடுதான் அடுத்த ஆண்டு லீக்கையும் வென்றார். 1991 பிப்ரவரியில் ஒருநாள் இதற்குமேல் முடியாது என்று விலகிவிட்டார். இதை எந்தக் கோப்பைக் கணக்கில் சேர்ப்பீர்கள், பதினான்கு சார்?

பதினான்கு_கோப்பை

எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன் அக்கா. அதன் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன்.

நீலச்சட்டை

அவர் விலகுவதற்கு முந்தைய ஆட்டம் எங்களோடுதான். குடிசன் பார்க் மைதானத்தில் 4-4. நீங்கள் நாலு முறை முன்னால் போனீர்கள், நாலு முறையும் நாங்கள் பிடித்தோம். இரண்டு நாள் கழித்து விலகல் செய்தி வந்தது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன், ஆனால் ஹில்ஸ்பரோ விஷயத்தில் எங்கள் பக்கத்திலும் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

ஒரிகி_96

அக்கா சொன்னதற்கு எதிராக நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஆனால் க்ளாப்பை ஏதோ இன்றைய தலைமுறையின் மயக்கம் என்பதுபோல் பேசுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

இரண்டு ஆட்டம் சொல்கிறேன், இரண்டும் 2015 கடைசியில், க்ளாப் வந்த புதிது. நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுடன் நம் சொந்த மைதானம் ஆன்ஃபீல்டில் ஆட்டம். 82-வது நிமிடம் எதிரணி 2-1 என்று முந்தியது. உடனே கூட்டம் எழுந்து கிளம்பிவிட்டது. இன்னும் எட்டு நிமிடமும் கூடுதல் நேரமும் பாக்கி. அந்த நேரத்தில் தனித்து விடப்பட்டதுபோல் உணர்ந்ததாக ஆட்டம் முடிந்ததும் க்ளாப் வெளிப்படையாகச் சொன்னார். டிசம்பரில் வெஸ்ட் ப்ரோம். 1-2 என்று பின்தங்கியிருந்தோம். இந்த முறை கூட்டம் இருந்தது. 96-வது நிமிடம் ஒரிகி சமன் செய்தார். விசில் ஊதியதும் க்ளாப் ஆட்டக்காரர்களைக் கைகோத்து, நம் தீவிர ரசிகர்கள் கூடும் கோப் ஸ்டாண்ட் முன் வரிசையாக நிறுத்தி வணங்க வைத்தார். நாடே சிரித்தது. வெஸ்ட் ப்ரோமோடு டிரா செய்ததற்கு இவ்வளவு கூத்தா என்று.

மூன்றரை வருடம் கழித்து, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 0-3 தோற்றுவிட்டு இரண்டாவது ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டுக்கு வந்தோம். சலா இல்லை, ஃபிர்மினோ இல்லை. யாராவது பாதியில் எழுந்து போனார்களா? 4-0. நாலாவது கோல் மறுபடி ஒரிகி, எதிரணி தயாராகுமுன் சட்டென்று எடுத்த அந்த கார்னரில். அதை நான் தந்திர வெற்றியாக மட்டும் பார்க்கவில்லை. வெஸ்ட் ப்ரோம் அன்று சிரித்தவர்களுக்கு அது புரிந்திருக்காது.

சிவப்புக்_காலுறை

தம்பி நன்றாக எழுதினார். ஆனால் கூட்டத்தையும் அணியையும் ஒன்றாக்கும் அந்த வேலையை 1960-களிலேயே செய்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். க்ளாப் ஷாங்க்லியின் வீட்டில்தான் வந்து விளக்கேற்றினார்.

பெய்ஸ்லி விஷயத்துக்கும் வருகிறேன். கட்டி முடித்த வீட்டில் குடியேறியவர் என்றுதான் சொல்வேன். கோபிக்காதீர்கள்.

பதினான்கு_கோப்பை

கோபிப்பேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

1977-ல் ரோமில் முதல் ஐரோப்பியக் கோப்பை வென்ற பதினோரு பேரில் எட்டுப் பேர் ஷாங்க்லி காலத்து ஆட்கள். ஒப்புக்கொள்கிறேன். 1981-ல் பாரிஸில் ரியல் மாட்ரிட்டை வென்ற பதினோரு பேரில் எத்தனை பேர்? மூன்று. க்ளெமன்ஸ், ஃபில் தாம்ப்ஸன், ரே கென்னடி. அதிலும் கென்னடியை ஷாங்க்லி வாங்கியது முன்கள ஆட்டக்காரராக. அவரை இடது நடுக்களத்துக்கு நகர்த்தியது பெய்ஸ்லி. நட்சத்திர முன்கள ஆட்டக்காரர் கீகன் ஹாம்பர்குக்குப் போனார், 5 லட்சம் பவுண்டு வந்தது. அதில் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு செல்டிக்கிலிருந்து டல்கிளிஷை வாங்கினார். மீதி கையில். ஹான்சன், சூனஸ், ரஷ் எல்லோரும் அவர் பார்த்து எடுத்த ஆட்கள். குடியேறினவர் செய்கிற வேலையா இது? வீட்டை இடித்து மறுபடி கட்டியிருக்கிறார், அதுவும் உள்ளே ஆட்கள் குடியிருக்கும்போதே.

1981 டிசம்பர் 26-ஐயும் பாருங்கள். சொந்த மைதானத்தில் சிட்டியிடம் 1-3 தோல்வி, பட்டியலில் 12-வது இடம். மே மாதம் சாம்பியன். இது 1982-லேயே நடந்துவிட்டதால் யாருக்கும் நினைவில்லை, இப்போது நடந்திருந்தால் ஆவணப்படம் எடுத்திருப்பார்கள்.

நீலச்சட்டை

ஒரு சந்தேகம். இவ்வளவு செய்தவருக்கு உங்கள் ஆட்களே ஏன் ஓட்டுப் போடவில்லை? மேலே பார்த்தேன், க்ளாப்பும் ஷாங்க்லியும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், பெய்ஸ்லி கடைசி.

ஏழாம்_எண்

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மற்ற மூவரும் நாம் விழுந்து கிடந்தபோது வந்தவர்கள், அல்லது விழுந்தபோது கூட நின்றவர்கள். ஷாங்க்லிக்கு இரண்டாம் டிவிஷன், டல்கிளிஷுக்கு ஹெய்சலும் ஹில்ஸ்பரோவும், க்ளாப்புக்கு அந்த முப்பது வருட லீக் பட்டமில்லாத காலம். பெய்ஸ்லி வந்தபோது நாம் எஃப்.ஏ. கோப்பை வென்றிருந்தோம். போனபோது லீக் சாம்பியன். அவரிடம் நமக்குக் குறை என்று ஒன்றும் இருந்ததில்லை. தண்ணீர் ஒழுங்காக வருகிற வீட்டில் குழாயைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பேச்சும் ஒரு காரணம். ஷாங்க்லி வாயைத் திறந்தால் கூட்டம் மயங்கும். க்ளாப்பும் அப்படியே. பெய்ஸ்லிக்குப் பேச்சு வராது. பெயர் நினைவுக்கு வராவிட்டால் ஏதாவது ஒரு பொதுச்சொல்லைப் போட்டுச் சமாளிப்பாராம், ஆட்டக்காரர்கள் அதை வைத்தே கிண்டல் செய்வார்களாம். அதே மனிதர் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே எங்கே அடிபட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிசியோவாக வேலை பார்த்தவர் அல்லவா.

சிவப்புக்_காலுறை

அக்கா சொன்ன பிறகு குடியேறியவர் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஓட்டு ஷாங்க்லிக்குத்தான், அதில் மாற்றமில்லை.

பதினான்கு_கோப்பை

அது போதும்.

இன்னொன்று. ஆன்ஃபீல்டுக்கு வெளியே பெய்ஸ்லிக்கு ஒரு சிலை இருக்கிறது, 2020-ல் வைத்தது. கையில் கோப்பை இல்லை. 1968-ல் காயம்பட்ட ஆட்டக்காரர் எம்லின் ஹியூஸை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிற காட்சி. அப்போது அவர் மேனேஜர்கூட இல்லை. வென்ற பதினான்கில் ஒன்றைக்கூடக் கையில் கொடுக்காமல் ஓர் ஆளைத் தூக்க வைத்திருக்கிறார்கள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது அதைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் தோன்றவில்லை.

ரசிகர்கள் மறந்தாலும் ஆட்டக்காரர்கள் மறக்கவில்லை. 1983 லீக் கப் இறுதியாட்டம், வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 வென்றோம். அதுதான் அவருக்குக் கடைசி சீசன் என்று எல்லோருக்கும் தெரியும். படியேறிப் போய்க் கோப்பை வாங்குவது கேப்டன் வேலை. சூனஸ் நகர்ந்துகொண்டு பெய்ஸ்லியை மேலே அனுப்பினார். வெம்ப்ளியில் ஒரு மேனேஜர் ஏறிப் போய்க் கோப்பை வாங்கியது அதுதான் முதல் தடவை.

ஒரிகி_96

யோவ் அட்மின், ஃபேகன் எங்கே? 1984-ல் லீக், லீக் கப், ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் ஒரே சீசனில் எடுத்தவர். 2005-ல் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பை வென்ற பெனிட்டெஸ் எங்கே? 2001-ல் மூன்று கோப்பை ஹூலியே?

கோப்_கடைசிப்படி

க்ளாப்புக்கு அடுத்து வந்த ஸ்லாட்டையும் கேட்பீர்கள் என்று தெரியும், 2025-ல் பட்டம் வாங்கிவிட்டாரே. ஓட்டெடுப்பு தொடங்கிவிட்டால் பெயர் சேர்க்க இந்தத் தளத்தில் வழியில்லை. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

ஒரிகி_96

சரி. அந்த 1983 வீடியோவைத் தேடிப் பார்த்தேன். போட்ட ஓட்டை நிஜமாகவே மாற்ற முடியாதா?

கோப்_கடைசிப்படி

முடியாது.

ஒரிகி_96

மாற்றியிருக்கவும் மாட்டேன். சும்மா கேட்டேன். பதினான்கு அண்ணே, பாரிஸ் ஆட்டம் முழுசாக எங்காவது கிடைக்குமா?