விசிறியைச் சுற்ற வைக்கும் சாமான்: தேர்மோ சுவிச்சா, வெப்பநிலை ஆளியா, சூட்டாளியா?

கொக்குவிலிலிருந்து:

வணக்கம்.

தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்காக எழுதிவரும் வாகனப் பழுதுபார்ப்புக் குறிப்பில் ஓர் அத்தியாயம் ஒற்றைச் சொல்லில் சிக்கி நிற்கிறது. எஞ்சின் சூடேறியும் றேடியேற்றர் விசிறி சுற்றவில்லை, எங்கே தேடுவது என்பதுதான் அத்தியாயம். விசிறிக்குச் சொல் இருக்கிறது. பியூசுக்கு உருகி இருக்கிறது. தண்ணீர் சூடானதும் விசிறிக்கு மின்னை விடுகிற அந்தப் பெருவிரல் அளவுச் சாமானுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

ரொறன்ரோ அண்ணா சென்ற மடலில் எழுதியது:

> கராஜில் எல்லாரும் தேர்மோ சுவிச் என்கிறார்கள். அதையே எழுதிவிட்டுப் போகலாமே. பிள்ளைகளுக்கும் விளங்கும்.

அண்ணா, கராஜில் முழுதாகத் தேர்மோ சுவிச் என்று சொன்னால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இங்கே பாதிப்பேர் சொல்வது வெறும் 'தேர்மோ'. அந்தத் தேர்மோ மூன்று சாமான்களுக்குப் பொதுப்பெயர்.

ஒன்று, தேர்மோஸ்ரற். இதற்கு மின்னோடு எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே மெழுகு இருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் அடைத்து வைக்கும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 பாகை செல்சியஸுக்குள் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும், வழி திறக்கும். இரண்டாவது, நாங்கள் பெயர் தேடும் ஆள். றேடியேற்றரிலோ எஞ்சினின் தண்ணீர்ப் பாதையிலோ திருகியிருக்கும். 90 பாகையைத் தாண்டியதும் உள்ளே மின் தொடுகை மாறும், விசிறி சுற்றும். மூன்றாவது, சென்சர். இதில் தொடுகையே இல்லை, சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும், அவ்வளவுதான். பல ஜப்பான் கார்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்டும். அதைப் படித்து, விசிறி சுற்றவேண்டுமா என்று முடிவெடுப்பது எஞ்சின் கணினி. கணினி வந்த கார்கள் பலவற்றில் இரண்டாவது சாமான் இருக்கவே இருக்காது.

'தேர்மோ பழுது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், கழற்றி எறியப்படுவது பெரும்பாலும் முதலாவது. இந்த வெக்கையில் அது என்னத்துக்கு என்று ஒரு நியாயமும் கூடவே வரும். விசிறி அதற்குப் பிறகும் சுற்றாது. எஞ்சின் சூடேற நேரம் எடுத்துப் பெற்றோல் செலவு கூடியதுதான் மிச்சம்.

எங்கள் ஊரில் இந்தச் சொல் பிறக்காததற்குக் காரணமும் உண்டு. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாவற்றிலும் விசிறி பெல்ற் வழியாக எஞ்சினோடு பிணைந்திருந்தது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியபோதும் அந்த விசிறி ஒருவருடைய கட்டளைக்கும் காத்திருக்கவில்லை. எஞ்சினைக் குறுக்கே வைத்த முன்சில்லுக் கார்கள் வந்த பிறகுதான் விசிறி தனி மோட்டருக்குப் போனது, எப்போது சுற்றுவது என்று சொல்ல ஒரு சாமானும் தேவைப்பட்டது.

பாடப்புத்தகமும் கைகொடுக்கவில்லை. அங்கே தேர்மோஸ்ரற் என்று படிப்பது மின்னழுத்தியில், அதாவது துணி தேய்க்கும் பெட்டியில் இருப்பதை. அது ஈருலோகச் சட்டம் வளைந்து மின்னை வெட்டும் ஒரு சுவிச். ஆக, மின்னழுத்தியின் தேர்மோஸ்ரற்றுக்கு உறவு காரின் இரண்டாவது சாமான், தேர்மோஸ்ரற் என்ற பெயரைச் சுமக்கும் முதலாவது அல்ல. வகுப்பில் இதைக் கேட்ட பிள்ளை குழம்பாவிட்டால்தான் அதிசயம்.

ஆகவே மூன்றுக்கும் மூன்று பெயர். தேர்மோஸ்ரற்றுக்கு மெழுகு வால்வு. சென்சருக்கு சூட்டுணரி. நடுவில் உள்ளதற்குச் சூட்டாளி. சுவிச்சுக்கு ஆளி என்பது இலங்கையில் பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல். கூட்டாளி மாதிரி ஒலிப்பதால் வாயில் ஒட்டும் என்றும் ஒரு நப்பாசை.

இன்னொரு சிக்கல், சூட்டாளியின் இரண்டு வகைகள். 'இயல்பாகத் திறந்தது', 'இயல்பாக மூடியது' என்று மொழிபெயர்த்த குறிப்புகள் இங்கே உலவுகின்றன. மெழுகு வால்வு திறந்தால் தண்ணீர் ஓடும், ஆளி திறந்தால் மின் நிற்கும். ஒரே பக்கத்தில் 'திறந்தது' என்பதை இரண்டு எதிர்ப்பொருளில் எழுதிவிட்டுப் பிள்ளையை நோவதில் நியாயமில்லை. நான் எழுத நினைப்பது சூட்டில் தொடும் ஆளி, சூட்டில் விடும் ஆளி. சூடானால் என்ன நடக்கும் என்பது பெயரிலேயே இருக்கும்.

பழுது தேடுவதே இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது. சூட்டில் தொடும் வகையில் கொனெக்ரரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் வயர்த் துண்டால் இணைத்தால் விசிறி சுற்றவேண்டும். எண்பது, தொண்ணூறுகளில் வந்த பல ரொயோற்றாக்களில் இருப்பது சூட்டில் விடும் வகை. ஆளி தொட்டிருக்கும்வரை றிலே (மின்னால் இயங்கும் இன்னோர் ஆளி) விசிறியை நிறுத்தி வைக்கும், விட்டதும் சுற்றவிடும். அவற்றில் சாவியைப் போட்டுவிட்டுக் கொனெக்ரரைக் கழற்றினாலே போதும், சுற்றும். வயர் அறுந்தால் முதல் வகையில் விசிறி சுற்றவே சுற்றாது, இரண்டாம் வகையில் நிற்கவே நிற்காது. எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். பழுதானாலும் எஞ்சினைக் காப்பாற்றும்.

கருத்துச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:

வணக்கம் ஐயா. ஆளி என்று படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஆளிவிதைதான். வீட்டில் தினமும் பொடி பண்ணிக் கொடுக்கிறார்கள். கோயில் தூணில் நிற்கிற ஆளியும் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுவிட்ச் என்ற பொருள் சட்டென்று பிடிபடாது. 'வெப்பச் சொடுக்கி' என்று வைத்தால் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருக்குமே?

இன்னொன்று. பிள்ளைகளை நேராகக் கொனெக்டரில் கைவைக்கச் சொல்லாதீர்கள். முதலில் ஏசியைப் போடச் சொல்லுங்கள். ஏசி போட்டதும் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும், பாதி வேலை மிச்சம். ஏசிக்குத் தனி விசிறி உள்ள கார் என்றால் எது சுற்றுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பருத்தித்துறையிலிருந்து:

தம்பி, பௌதிகம் படிப்பித்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. இந்த ஆளி வெப்பத்தை அளக்கவில்லை, குறித்த வெப்பநிலை வந்ததும் மாறுகிறது. 'வெப்ப ஆளி', 'வெப்பச் சொடுக்கி' இரண்டும் பிழை. 'சூடு' என்பது அதைவிட மோசம். துப்பாக்கிச் சூடும் சூடுதான், வயலில் நெல் அடிப்பதும் சூடடிப்புத்தான். சூட்டாளி என்றால் களத்தில் நிற்கிற ஆளைத் தேடுவான் கமக்காரன். 'வெப்பநிலை ஆளி' என்று எழுதுங்கோ. நீளம்தான், ஆனால் சரி.

மெழுகு வால்வு நல்ல பெயர். கழற்றிக் கொதிநீரில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கொக்குவிலிலிருந்து:

சேர் சொல்வது சரி, சொல்லடைவில் வெப்பநிலை ஆளி, வெப்பநிலை உணரி என்றே போகும். பந்திக்குள் சூட்டாளி, சூட்டுணரி இருக்கட்டும். காருக்கு அடியில் கிடந்துகொண்டு 'வெப்பநிலை ஆளியை எடு தம்பி' என்று ஒருவரும் கூப்பிடப் போவதில்லை. கமக்காரன் குழம்புவான் என்ற பயமும் எனக்கில்லை, றேடியேற்றருக்குப் பக்கத்தில் நெல் இருக்காது.

சொடுக்கிக்கு நான் இல்லை. சொடுக்குவதற்கு ஒரு விரல் வேண்டும். இந்தச் சாமானின் சிறப்பே எவரும் தொடாமல் தானே மாறுவது. அதோடு, ஆள்வது ஆளி என்று சொன்னால் பொருளும் பொருந்துகிறது, விசிறியை ஆள்வது அதுதான். ஆளிவிதை அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும்.

ஏசி யோசனையைச் சேர்த்துவிட்டேன். மாற்றிய பகுதி இது:

"விசிறியைச் சந்தேகிக்குமுன் கார் எங்கே சூடேறுகிறது என்று கேள். ஏ9 வீதியில் கொடிகாமம், பளை என்று ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும், விசிறிக்கு வேலை குறைவு. அங்கே ஒழுங்காக ஓடிய கார், நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஊரும்போது மட்டும் சூடேறினால் விசிறிப் பக்கம் தேடு. ஏ9 வீதியிலும் சூடேறினால் தண்ணீர், மெழுகு வால்வு, றேடியேற்றர் அடைப்பு என்று போ.

அடுத்துத் தண்ணீர். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திற. சூட்டில் உள்ளே அமுக்கம் இருக்கும், திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் குறைந்திருந்தால் சூட்டாளியின் மூக்கு காற்றிலோ ஆவியிலோ நிற்கும். எஞ்சின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது, விசிறி சுற்றாது. ஆளியை மாற்றியும் பயன் வராது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் கிடப்பது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல் றேடியேற்றர்க் குழாய்களிலும் ஆளியின் மூக்கிலும் படியும். கல் மூடிய ஆளி சூட்டைப் பிந்தித்தான் உணரும். வடித்த நீரும் கூலன்ரும் கலந்து ஊற்று.

பிறகு ஏசியைப் போட்டுப் பார். விசிறி அசையவில்லை என்றால் உருகி. உருகி நல்லதென்றால் அதே மாதிரியான இன்னொரு றிலேயை, ஹோர்ன் றிலே பொருந்தினால் அதை, மாற்றிப் போடு. அதற்கும் அசையாவிட்டால் மோட்டரின் கொனெக்ரரைக் கழற்றிப் பற்றரியிலிருந்து நேரே மின் கொடு. அப்போதும் சுற்றாமல், தடியால் மெதுவாகத் தட்டியதும் சுற்றினால் மோட்டருக்குள் மின்னைக் கடத்தும் பிரஷ் தேய்ந்துவிட்டது. நேரே கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறதா? ஏர்த் வயர் காரின் உடலிலே பிடிக்கும் இடத்தைச் சுரண்டிப் பார். கடற்கரை ஊர்க் கார்களில் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். எந்த வேலையிலும் விசிறி இதழுக்குள் விரல் வேண்டாம். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானே சுற்றத் தொடங்கும்.

ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால்தான் சூட்டாளி. தொடும் வகையா விடும் வகையா என்று முதலில் பார். சூட்டாளி இல்லாத காரில் சூட்டுணரியின் கொனெக்ரரைக் கழற்று. பல கார்களில் கணினி பயந்து விசிறியைச் சுற்றவிடும். அப்படிச் சுற்றினால் உணரியின் மின்தடையை அள."

'கணினி பயந்து' என்பதை சேர் வெட்டச் சொல்வார் என்று தெரியும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், விட்டுவைக்கிறேன்.

றிலேக்கு இன்னும் ஒருவரும் சொல் தரவில்லை. 'அஞ்சல்' என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன், உருகிப் பெட்டிக்குள் தபாற்கந்தோர் வேண்டாம்.