மாதிரிக் கார்களின் மெட்டாலிக் பூச்சில் விழுந்த குறை: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மதுரை உறுப்பினர்:
பானெட்டில் ஒரே ஒரு தூசி. டாமியா நிறுவனத்தின் 1/24 அளவு மாதிரிக் கார், மெர்சிடிஸ் 300எஸ்எல். பளபளப்பான கருப்பு அடிப்பூச்சு, மேலே எல்பி-11 சில்வர் வண்ணம், ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் சிறு கருவி) 0.3 மி.மீ. ஊசி, மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு மெல்லிய பூச்சு வரை குறையே இல்லை. ஐந்தாவதில், இடப்பக்கப் புடைப்பை ஒட்டிக் கடுகில் பாதி அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டது. மறுநாள் 2000 எண் உப்புத்தாளை நனைத்து மூன்றே முறை தேய்த்தேன். தூசி போய்விட்டது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது அந்த இடத்தில் வெள்ளியே இல்லை. ஈயம் தடவியதுபோல ஒரு சாம்பல் வட்டம். கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்தால் மறையும் என்று நம்பி டிஎஸ்-13 கிளியர் அடித்தேன். இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. எட்டு மாதம் ஆகிறது. "அப்பா, இங்கே மட்டும் ஏன் அழுக்கு?" என்று மகள் விரலை வைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கோவை உறுப்பினர்:
அதே வண்டிதான். என் சிக்கல் கதவுகளில். உடலைக் கம்பியில் நிறுத்தி வைத்து அடித்தேன், கதவுகளை அட்டையில் படுக்கவைத்து அடித்தேன். ஒரே குப்பி, ஒரே நாள், ஒரே அழுத்தம். பொருத்திய பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கதவுகள் ஒரு சாயல் கருத்து நின்றன, வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதுபோல. தூசியை ஒருவர் பார்க்காமல் போகலாம், இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இப்போதெல்லாம் உடல், பானெட், கதவு எல்லாவற்றையும் வண்டியில் எப்படி நிற்குமோ அந்தக் கோணத்திலேயே மாட்டி, ஒரே மூச்சில் அடிக்கிறேன்.

திருச்சி உறுப்பினர்:
மதுரைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வெள்ளியைத் தாண்டி அடியிலிருக்கும் கருப்பு வரை தேய்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எனக்கும் ஒரு முறை நேர்ந்தது, சாம்பல் நிற போர்ஷே, கூரையின் விளிம்பு. அதைவிட முக்கியம், இனி என்ன செய்வது என்பது. தூசி தெரிந்த உடனே கை வைக்காதீர்கள். ஈரத்தில் கிள்ளினால் பள்ளம் விழும். நன்றாக உலர விடுங்கள். பிறகு தூசியின் தலையை மட்டும் தேயுங்கள். அடுத்து அந்தப் புள்ளியில் மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் வளையம் தெரியும். பானெட் என்றால் பானெட் முழுவதும், கோடு முடியும் இடம் வரை அடிக்க வேண்டும். காற்றழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ போதும். கடைசிப் பூச்சை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று மூடுபனிபோலத் தூவுங்கள். ஏர்பிரஷ்ஷின் வண்ணக் கிண்ணத்தை நடுநடுவே கலக்குங்கள். அலுமினியத் துகள் அடியில் தங்கினால் பூச்சு சீராக வராது. தூசி மிகச் சிறிதென்றால் வெள்ளியைத் தொடவே வேண்டாம். மூன்று பூச்சு கிளியரில் அதைப் புதைத்துவிட்டுக் கிளியரை மட்டும் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

சென்னை உறுப்பினர்:
ஐயா, அது அடியிலிருக்கும் கருப்பு மட்டும் இல்லை. மெட்டாலிக்கில் துகள்கள் மீன் செதில்போலப் படிந்து கிடந்தால்தான் மின்னும். உப்புத்தாள் அந்தச் செதில்களைக் கிழித்துவிடும். வெள்ளிக்கு அடியில் வெள்ளையே இருந்தாலும் சாம்பல் வட்டம் வரும். கோவை நண்பரின் கதவு கருத்ததும் துகள் படிந்த விதத்தால்தான். கனமாக, ஈரமாக அடித்தால் துகள் மிதந்து நகர்ந்து திட்டுத்திட்டாகச் சேரும்.

என் கதை வேறு. நீல ஸ்கைலைன் ஆர்34, நவம்பர் மாதம், வெளியே மழை. கூரையில் கடைசிப் பூச்சு. ஏர்பிரஷ் ஒரு முறை தும்மியது. குழாயில் தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டு, சரியாகக் கூரையின் நடுவில். என் கண் முன்னே துகள்கள் அந்தச் சொட்டைச் சுற்றி விலகிப்போய் ஒரு கண்போல நின்றன. என்னால் கையை அசைக்கவே முடியவில்லை. கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருந்தது. ஏர்பிரஷ் பக்கத்தில் இல்லை. குழாய்க்குள்ளேயே காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தண்ணீராகிறது என்று அன்றுதான் புரிந்தது. மழைக்காலத்தில் திருச்சி ஐயா சொன்னபடி தள்ளி நின்று தூவினால் பூச்சு பால்போல வெளுக்கும் ஆபத்தும் உண்டு. மெதுவாக உலரவைக்கும் லெவலிங் தின்னர் கலந்தால் கொஞ்சம் தப்பலாம்.

திருச்சி உறுப்பினர்:
வெள்ளை அடிப்பூச்சில் நீங்களே அடித்துப் பார்த்தீர்களா, யாரோ சொன்னதா?

சென்னை உறுப்பினர்:
அடித்திருக்கிறேன். பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில். இன்னும் வைத்திருக்கிறேன்.

மதுரை உறுப்பினர்:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் ஊசிமுனை அளவுக்குக் கருப்பு. அதைச் சுற்றி அகலமாகச் சாம்பல். நீங்கள் இருவர் சொன்னதும் இருக்கிறது. பானெட்டைக் கழற்றிவிட்டேன். கோவை நண்பரே, உடலையும் கதவுகளையும் சேர்த்தே அடிக்க வேண்டியிருக்குமா? கதவுகளை ஏற்கெனவே ஒட்டிவிட்டேன்.