அயர்ன் ஃபிளேம்: வயலட், ஜேடன் மீது எனக்கு மட்டும்தான் வருத்தமா?

பாளையங்கோட்டை வாசகி:
ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலைத் திருச்செந்தூர் பாசஞ்சரில் நாசரேத் பள்ளிக்குப் போகவர, நான்கே நாளில் முடித்தேன். அதே 2023-இல் வந்த இரண்டாம் பாகம் ‘அயர்ன் ஃபிளேம்’ மூன்று வாரமாக இழுக்கிறது. டிராகன்கள் மேல் குறையில்லை. டிராகன் ஏறிப் போரிடும் வயலட், ஜேடன் ஜோடிதான் மனத்தைச் சங்கடப்படுத்துகிறது.

முதல் பாகத்தில் வயலட்டுக்கு மூட்டு அடிக்கடி நழுவும். டிராகன் முதுகில் பிடித்து உட்கார முடியாது. ஜேடன் அவளுக்கென்றே ஒரு சேணம் செய்வித்துத் தருகிறான். அவள் சிறிய கைக்கு அடங்கும் கத்திகளும் தருகிறான். அவன் மனம் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டாம் பாகத்தில் அவள் போர்க் கல்லூரியில், அவன் வேலை சமாரா என்ற எல்லைக் காவல் அரணில். இருவரின் டிராகன்களும் இணை. சில நாளுக்கு மேல் பிரிந்திருக்காது. அதனால் வாரந்தோறும் ஒருவர் பறந்து போயாக வேண்டும். என் கணவருக்கும் வேலை சென்னையில். வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவார். சனி காலை பையை இறக்கிவைத்த கையோடு, நான் போனில் சொல்லியிருந்த ஒழுகும் குழாயைத்தான் பார்ப்பார். எங்களுக்குள்ளும் கோபதாபம் உண்டு; ஞாயிறு வண்டியை நினைத்தால் பாதியிலேயே அடங்கிவிடும். இவர்களோ கிடைத்த ஒரு நாளையும் ஒரே சண்டையில் தொலைக்கிறார்கள். ‘எல்லாவற்றையும் சொல்’ என்கிறாள். ‘கேட்டால் சொல்கிறேன்’ என்கிறான். தெரியாததை எப்படிக் கேட்பாள்? படுக்கையறை வருகிறது, போகிறது, மறுபடி அதே பேச்சு.

மூன்றாம் பாகம் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வந்துவிட்டது. வாங்கலாமா? எனக்கு இன்னும் எண்பது பக்கம் பாக்கி. முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

அம்பாசமுத்திரம் மாணவி:
அக்கா, ஜேடனுக்கு முன்பு நிச்சயமாகியிருந்த கேட் என்ற பெண் வரும் பகுதியைத் தாண்டியிருப்பீர்கள். பிறர் உணர்ச்சியைக் கிளறிப் பெரிதாக்குவதுதான் அவள் சக்தி. வயலட்டின் பொறாமையில் பாதி அவள் வேலை. ஜேடன் முதுகிலோ 107 தழும்பு. கிளர்ச்சிக்காரர்களின் பிள்ளைகள் 107 பேருக்கும் பொறுப்பேற்றவன் அவன். வாய் தவறினால் அத்தனை உயிரும் போகும். அவன் மௌனத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

தென்காசி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கதையைப் பேத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன் அம்மா. 1302-ஆம் குறளைப் பாருங்கள். புலவி, அதாவது காதலர் ஊடல், உணவில் உப்புப் போல. அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் கெட்டுவிடும் என்கிறார் வள்ளுவர். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இங்கே உப்புத்தான் கூடிவிட்டது.

பாளையங்கோட்டை வாசகி:
ஐயா, மூன்று வாரமாக எனக்குச் சொல்ல வராதது அதுதான். தங்கச்சி, தழும்புக் கணக்கை நானும் மறக்கவில்லை. எதிரியிடம் வாயை மூடட்டும். முதல் பாக முடிவிலேயே அவன் மறைத்த உண்மையைக் கண்ணால் கண்டு, அவனுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறவளிடம் என்ன பூட்டு? நீ மூன்றாவதையும் படித்திருந்தால் ஒன்று மட்டும் சொல்: அந்தச் சேணம் போல அவளுக்கென்று அவன் மறுபடி ஏதாவது செய்துதருகிறானா?