பழைய பாக்ஸ்டர் எஸ்: 4,500 கேட்டாலும் கூடுதல், 8,500 கேட்டாலும் நியாயம்

பிரிட்டனில் போர்ஷ் பாக்ஸ்டர் 986 (முதல் தலைமுறை பாக்ஸ்டர்) தேடுகிறவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு கார், இரண்டுமே 2003, இரண்டுமே 3.2 லிட்டர் எஸ், இரண்டுமே 80,000 மைல் ஓடியவை. ஒன்றுக்கு 4,500 பவுண்டு கேட்கிறார்கள், மற்றதுக்கு 8,500. வருடமும் மைலும் வைத்துப் பார்த்தால் இதற்கு விளக்கமே கிடையாது. கார்களை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால்தான் விளங்கும். எப்படி என்று நாங்கள் சிலர் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறோம்.

முதலில் சந்தை விலை. விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. ஆன்லைன் ஏலத் தளங்களில் முடிந்த விலை எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் முடிந்த ஐந்தாறு ஏலங்களை எடுத்து, எந்தக் காருக்கு பில் கட்டு முழுதாக இருந்தது என்று பாருங்கள். வேலை எதுவும் பாக்கி இல்லாத காரின் விலை அதில் தெரிந்துவிடும். கணக்குக்காக அதை 7,500 என்று வைத்துக்கொள்வோம்.

இனி உங்கள் முன் நிற்கும் காருக்கு அடுத்த இரண்டு வருடத்தில் செய்தே தீர வேண்டிய வேலைகளைக் கழியுங்கள். தனியார் போர்ஷ் மெக்கானிக் கூலியில், தோராயமாக: கிளட்ச், ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினின் நடு ஷாஃப்டைத் தாங்குவது), கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் சேர்த்து 1,800. நான்கு டயர் 550. பின் சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டும் 400. முன்னால் இருக்கும் ரேடியேட்டர்களும் ஏசி கண்டென்சர்களும் 900. மொத்தம் 3,650. ஆக அந்தக் காருக்குக் கொடுக்கலாம் என்பது 3,850. மலிவு என்று தெரிந்த 4,500, 650 பவுண்டு கூடுதல். இதே வேலைகள் எல்லாம் முடிந்து, மூன்றாண்டு பில்லும் கையில் இருக்கும் காருக்கு 8,500 கேட்டால் சிரிக்காதீர்கள். கொஞ்சம் பேசிக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் கூலி மாறும். இந்தத் தொகைகளை அப்படியே எடுக்காமல், உங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விலை கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

*

மேலே கணக்குப் போட்டவர் ஐஎம்எஸ்ஸை ஒரே வரியில் தாண்டிவிட்டார். பேரமே அதைச் சுற்றித்தான் நடக்கும் என்பதால் விரிவாக.

இந்த எஞ்சினில் கிராங்கிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்கு ஓட்டத்தைக் கடத்த நடுவில் ஒரு ஷாஃப்ட் உண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்). கியர்பாக்ஸ் பக்க முனையில் அதைத் தாங்குவது மூடிய பால் பேரிங். உள்ளே இருக்கும் கிரீஸை எஞ்சின் ஆயில் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். ஆனால் அந்த இடத்தை நிரப்பும் அளவுக்குப் புதிய ஆயில் உள்ளே போகாது. பேரிங் வறண்டு தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். ஷாஃப்ட் நகர்ந்தால் செயின் டைமிங் போகும், வால்வும் பிஸ்டனும் மோதும். அத்தோடு எஞ்சின் முடிந்தது.

ஆரம்பக் கார்களில் இரட்டை வரிசை பேரிங். அது அபூர்வமாகத்தான் உடையும். 2000, 2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், வம்பு அங்கேதான். 2013இல் அமெரிக்காவில் முடிந்த கூட்டு வழக்கின் சமரசமும் 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்குத்தான். ஆக 2003 எஸ் என்றால் ஒற்றை வரிசை. 2006 மாடலில் இருந்து பெரிய பேரிங் வந்தது. எஞ்சினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது, ஆனால் பெரும்பாலும் மாற்ற வேண்டியும் வராது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது. 986க்கும், அடுத்த தலைமுறையான 987இல் இந்தப் புதிய எஞ்சினோடு வந்த இரண்டாம் பதிப்புக்கும் இடையிலான விலை இடைவெளியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

விலை பேசும்போது பலர் கோட்டை விடுவது கிளட்ச் பில்லில். "போன வருடம்தான் கிளட்ச் போட்டேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். ஐஎம்எஸ்ஸை எட்ட கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். கிளட்ச் போட்டபோது கியர்பாக்ஸ் வெளியேதான் இருந்திருக்கும். அப்போது பேரிங்கைத் தொடவில்லை என்றால், அதே கூலியை நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டும். புது கிளட்ச் இருக்கிறதே என்று கழிவைக் குறைக்கக் கூடாது. கிளட்ச் சாமான் விலையை மட்டும் விட்டுக்கொடுக்கலாம்.

ஐஎம்எஸ் பேரிங்கை மாற்றியாயிற்று என்றால் எந்த வகை கிட் என்று பில்லில் இருக்க வேண்டும். செராமிக் குண்டு வைத்த பேரிங்குக்குத் தயாரிப்பாளரே மைலும் வருடமும் குறித்து ஆயுள் சொல்லியிருப்பார். 2013இல் போட்டது இன்றைக்குப் புதியதாகாது. ஆயில் ஊட்டத்தில் ஓடும் பிளெயின் பேரிங் கிட் என்றால் நிம்மதி, அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

வாங்குமுன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் சாய்த்தால் மினுமினுப்புத் தெரியும். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் பேரிங் எஃகு, அந்தக் காரை விட்டுவிடுங்கள். புதுப் பேரிங் போட்டாலும் ஆயிலில் சுற்றும் துகள் மற்ற பேரிங்குகளைத் தின்றுவிடும். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் டென்ஷனர் பேட் தேய்மானம். அது வேறு வேலை, வேறு கழிவு.

*

எல்லாம் சரி, ஆனால் லிஃப்டில ஏத்துறதுக்கு முதலே வீட்டில இருந்துகொண்டு பாதிக் கார்களை வேண்டாமெண்டு கழிச்சுப் போடலாம். நம்பர் பிளேட்டைப் போட்டால் அரசாங்கத் தளத்தில எம்ஓடி (வருசாந்த வாகனச் சோதனை) வரலாறு சும்மாவே வரும், 2005இல இருந்து இருக்கு. ஒவ்வொரு வருசமும் எத்தினை மைல், எதில தவறினது, என்ன அறிவுரை எழுதினவை எண்டு வடிவாப் பாருங்கோ.

மைல் குறையுதோ எண்டு மட்டும் பாத்தால் காணாது. அறிவுரைப் பகுதியில ஒரே வரி மூண்டு வருசமாத் திரும்பத் திரும்ப வருதோ? "பிரேக் பைப் துருப்பிடிச்சிருக்கு" எண்டு 2021, 2022, 2023 மூண்டிலும் இருந்தால், கார் சோதனையில தவறினால் மட்டும்தான் அந்த ஆள் காசு செலவழிப்பார். பின் பிரேக் பைப் கியர்பாக்ஸுக்கு மேலால போகுது, கழட்டி இறக்காமல் மாத்தேலாது. பைப் மலிவு, கூலி மலிவில்லை.

வருசத்துக்கு 300 மைல் ஓடின காருக்குக் கூடக் காசு கேப்பினம். குடுக்காதேங்கோ. நிண்டு கிடந்த காரில ஆயிலில ஈரம் சேரும், பிரேக் டிஸ்கின்ர உள்பக்கம் துருவேறும், ரயர் கல்லாப் போகும். வருசம் 4,000 மைல் ஓடி, ஓட்டம் இருந்தாலும் இல்லாட்டிலும் வருசா வருசம் ஆயில் மாத்தின கார் எப்பவும் மேல்.

ரயரில நாலு இலக்கம் தட்டி இருக்கும், 3217 எண்டால் 2017இன்ர 32ஆவது கிழமை. ஏழெட்டு வருசம் பழசெண்டால் பூ (ரயரின்ர பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் புதுசுக்குக் காசு கழியுங்கோ. நாலும் நாலு மலிவு பிராண்ட் எண்டால், காணாத இடத்திலயும் அப்பிடித்தான் செலவழிச்சிருப்பினம். எஸ்ஸில 17 அங்குல வீலுக்கு முன் 205/50, பின் 255/40. வேற அளவு போட்டிருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ.

*

மைல் உண்மையா என்பதற்கு இன்னொரு சாட்சி எஞ்சின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. 2000 மாடலுக்குப் பிந்திய 986இல் போர்ஷ் டயக்னாஸ்டிக் கருவியை மாட்டினால் எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரம் கிடைக்கும். மைலை மணியால் வகுங்கள். 80,000 மைல், 2,500 மணி என்றால் சராசரி மணிக்கு 32 மைல். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்துக்குப் பொருந்தும். அதே மைலுக்கு 4,500 மணி வந்தால் சராசரி 18க்கும் கீழே. லண்டன் நெரிசலிலேயே கிடந்த காராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்க வேண்டும். எம்ஓடி வரலாற்றோடு ஒப்பிட்டால் எது என்று தெரியும்.

அதே இடத்தில் ஓவர் ரெவ் எண்ணிக்கை, அதாவது எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்ற கணக்கு, இரண்டு அடுக்காக வரும். முதல் அடுக்கில் எண் இருந்தால் பயப்பட வேண்டாம். லிமிட்டர் வரை மிதித்திருக்கிறார்கள், ஸ்போர்ட்ஸ் காரை அப்படித்தான் ஓட்டுவார்கள். இரண்டாம் அடுக்குத்தான் முக்கியம். மிதித்து அந்த வேகத்தை எட்ட முடியாது, லிமிட்டர் விடாது. நான்காம் கியருக்குப் போக வேண்டியவர் இரண்டாவதில் போட்டு, சக்கரம் எஞ்சினைச் சுழற்றினால்தான் அது பதிவாகும். பதிவாவது ஸ்பார்க் எண்ணிக்கை. ஆறு சிலிண்டருக்குச் சுற்றுக்கு மூன்று ஸ்பார்க், 7,500 சுற்றில் நொடிக்கு 375. ஆகவே 190 என்பது ஏறத்தாழ அரை நொடி. கடைசியாக எத்தனையாவது மணியில் நடந்தது என்பதும் வரும். அதற்குப் பிறகு 900 மணி ஓடியிருந்தால் எஞ்சின் தாங்கிவிட்டது என்று கொள்ளலாம். நடந்து 20 மணிநேர ஓட்டம்தான் ஆகிறது என்றால் கார் ஏன் விற்பனைக்கு வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

கேம் ஷாஃப்ட் விலகலையும் அப்போதே படிக்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் இரண்டு பக்கமும் ஆறு டிகிரிக்குள், அசையாமல் நிற்க வேண்டும்.

சேஸி எண்ணில் பதினோராவது எழுத்து எஸ் என்றால் கார் தயாரான இடம் ஷ்டுட்கார்ட், யூ என்றால் பின்லாந்தின் ஊசிகௌபுங்கி. ஷ்டுட்கார்ட் காருக்கு 500 கூடக் கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு பென்னிகூடக் கொடுக்க வேண்டாம்.

*

கருவி எல்லாம் பிறகு. கார் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஆறவிட்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

குளிரில் ஸ்டார்ட் செய்து பின்னால் நில்லுங்கள். சிறு நீலப் புகை சில நொடி வந்து நிற்பது இந்தப் படுக்கை எஞ்சினின் குணம். வெள்ளைப் புகை மண்டலமாகக் கிளம்பினால் ஆயில் பிரிப்பான் கிழிந்திருக்கிறது. உறுதி செய்ய, ஐடிலில் ஆயில் மூடியைத் திறங்கள். உள்ளிருந்து பலமாக உறிஞ்சி, கழற்றவே விடாமல் இழுத்தால் அதுதான்.

ஏசியைப் போட்டதும் முன்னால் இரு பக்க விசிறியும் சுற்ற வேண்டும். மெதுவேக ரெசிஸ்டர் போனால் ஒரு பக்கம் சும்மா நிற்கும். முன் பம்பர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். இலைச் சருகு ஈரத்தோடு அடைந்து கண்டென்சர் அரித்திருக்கும். "ஏசிக்கு கேஸ் அடித்தால் போதும்" என்று விளம்பரத்தில் கண்டாலே 500 முதல் 900 வரை கழித்துவிடுவது நல்லது. பின் டிக்கியில் கூலண்ட் டேங்க்கைச் சுற்றிக் கம்பளத்தைத் தடவுங்கள், ஈரமோ இனிப்பு வாடையோ இருந்தால் டேங்க் விரிசல்.

கூரையை முழுதாகத் திறந்து மூடுங்கள். இரு பக்கமும் ஒரே சீராக நகர வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் நிறுத்திவிடுங்கள், அழுத்திக்கொண்டே இருந்தால் சட்டம் கோணிவிடும். தள்ளுதண்டின் பிளாஸ்டிக் கிண்ணம் உடைந்ததாக இருந்தால் செலவு சொற்பம், கேபிளும் கியரும் போயிருந்தால் இல்லை. கூரை மடியும் இடத்தின் மூலைகளில் நீர் வடியும் துளைகள் உண்டு. அவை அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கி இருக்கைக்கு அடியில் தேங்கும். அலாரம், இம்மொபிலைசர் கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பதும் அங்கேதான். கார் நன்றாக ஓடும், ஒரு நாள் காலையில் சாவியை ஏற்க மறுக்கும். கம்பளத்துக்கு அடியில் கை விட்டுப் பார்க்க வெட்கப்படாதீர்கள். 2003க்கு முந்தைய கார்களில் பின் ஜன்னல் பிளாஸ்டிக், மங்கியிருந்தால் அதற்கும் கழிவு.

ஓட்டும்போது இரண்டாம் கியரில் மிதித்து, சட்டென்று காலை எடுங்கள். ஐந்து கியர் கார்களில் கியர் நழுவி வெளியே வரும் நோய் உண்டு. எஸ்ஸின் ஆறு கியர் பெட்டியில் அது குறைவு. கிளட்ச் மிதி கனமாக இருந்தால் பிரஷர் பிளேட் ஆயுள் முடிகிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது கட்டாங் கட்டாங் என்றால் சஸ்பென்ஷன் ஆர்ம் போயிருக்கிறது.

*

இங்கே யாரும் தொடாத ஒன்று, காரில் பழுதே இல்லாவிட்டாலும் விலையை இழுக்கும் சமாசாரம்.

சாலை வரி: 2001 மார்ச்சுக்கு முன் பதிவான காருக்கு எஞ்சின் அளவுப்படி. அதற்குப் பின் புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுப்படி. 2006 மார்ச் 23க்கு முன் பதிவானவை எவ்வளவு புகைத்தாலும் கே பிரிவோடு நிற்கும். அதற்குப் பிந்தியவை எல், எம் பிரிவுகளுக்குப் போய்விடும், வருடத்துக்கு 300 பவுண்டு அளவில் கூடுதல். 986க்கு இந்தக் கவலை இல்லை. 987 பார்க்கிறவர்கள் பிப்ரவரி 2006இல் பதிவான காரையும் மே 2006 காரையும் ஒரே விலையில் வைக்கக் கூடாது. ஐந்து வருடம் வைத்திருந்தால் 1,500.

லண்டனில் இருந்தால் யூலெஸ், அதாவது அதிகம் புகைக்கும் கார்களுக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம். பெட்ரோல் காருக்கு யூரோ 4 தேவை, தேறாவிட்டால் நாளுக்கு 12.50. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லா பரோவும் (மாநகரின் உள்ளாட்சிப் பகுதிகள்) உள்ளே. 2006க்கு முந்தைய கார்களிலும் தேறுபவை உண்டு, பதிவு எண்ணைப் போட்டால் உடனே தெரியும். தேறாத காரை லண்டன்காரர் குறைந்த விலைக்குத் தள்ளுவார். யார்க்‌ஷயரில் இருப்பவருக்கு அது லாபம்.

பருவம்: கூரை திறக்கும் கார் நவம்பர், டிசம்பரில் இறங்கும், ஏப்ரலில் ஏறும். மழையில் போய்ப் பார்ப்பதால் கசிவும் தெரிந்துவிடும்.

வியாபாரியிடம் தனியாரைவிட ஆயிரத்துச் சொச்சம் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. 2015 நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் பழுதுள்ள காரைத் திருப்பிக் கொடுக்கலாம். தனியாரிடம் அந்த உரிமை இல்லை. "டிரேட் சேல், புகார் ஏற்கப்படாது" என்று ரசீதில் எழுதித் தரும் வியாபாரிக்கு அந்த ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுக்குமுன்: விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட காரா, கடன் பாக்கியா என்று கட்டணம் கட்டிச் சோதியுங்கள். அப்படிக் கைவிட்டதில் எஸ், என் பிரிவு (பழுது பார்த்து மறுபடி ஓட்டலாம் என்பவை) கார் என்றால் மேலே சொன்ன கணக்கையே குறைந்த விலையில் தொடங்க வேண்டும், நாளை நீங்கள் விற்கும்போதும் அப்படித்தான். வி5சி என்ற பதிவுத் தாளில் உள்ள பெயர் காரை வைத்திருப்பவருடையது, உரிமையாளர் என்பதற்கு அது சான்றாகாது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கும். அதில் உள்ள முகவரிக்கே போய்ப் பாருங்கள், பெட்ரோல் பங்க் வாசலில் வேண்டாம். வங்கி வழியாக முதலில் 10 பவுண்டு அனுப்பி, அது சேர்ந்ததை அவர் போனில் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள். இரண்டு சாவியும் கேளுங்கள். ஒன்றுதான் என்றால் புதுச் சாவிக்கும் அதை கார் ஏற்கும்படி புரோகிராம் செய்வதற்கும் சேர்த்துச் சில நூறு கழியும்.