அவசரம்: பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, முன்பக்கம் தாழ்ந்துவிட்டது

பாகாயம்வாசி:
பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. முன்பக்கம் வேறு தாழ்ந்துவிட்டது, பள்ளத்தில் இறங்கினால் டக்கென்று அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரி போகிறோம். முன்னால் டிஸ்க் பிரேக்கும் புது ஸ்பிரிங்கும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வேலூரில் யார் செய்வார்கள், எவ்வளவு ஆகும்? சீக்கிரம் சொல்லவும்.

காட்பாடி ஜங்ஷன்:
என்ன வண்டி என்றே சொல்லவில்லையே ஐயா. எந்த வருடம்? டயரில் காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா?

ஆம்பூர் வழி:
ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. என் மாருதி 800-இல் இதே தொல்லை. முன் காயில் ஸ்பிரிங்கையும் (சுருள் ஸ்பிரிங்) ஷாக் அப்சார்பரையும் ஜோடியாக மாற்றினேன், தீர்ந்தது.

பாகாயம்வாசி:
அம்பாசடர்தான். காற்று சரியாக இருக்கிறது.

பழைய இரும்பு:
அம்பாசடர் என்றால் எது? மார்க் 4-ஆ, நோவாவா, இசுசு எஞ்சின் வந்த 1800-ஆ? 2014 வரை உத்தரபாராவில் செய்துகொண்டிருந்த வண்டி. ஆம்பூர் நண்பருக்கு ஒரு தகவல்: இதன் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி எடையைத் தாங்கும் நீளக் கம்பி. பின்னால் பட்டை ஸ்பிரிங். ஒருமுறையாவது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு யோசனை சொன்னால் எல்லோருக்கும் நல்லது.

ஆம்பூர் வழி:
உதவி செய்ய வந்தவனுக்கு இந்த மரியாதையா?

காட்பாடி ஜங்ஷன்:
பெட்ரோலா, டீசலா?

பழைய இரும்பு:
பிரேக் இழுப்பதற்கும் டீசலுக்கும் என்ன தொடர்பு?

காட்பாடி ஜங்ஷன்:
இழுப்பதற்கு இல்லை ஐயா, அவர் கேட்ட டிஸ்க்குக்கு. இப்போதுள்ள டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மே உள்ளிருக்கும் ஷூவை, அதாவது லைனிங் ஒட்டிய வளைந்த தகட்டை, தன்மேல் இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உபகாரம் இல்லை. மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் இல்லாவிட்டால் கால் நோகும். பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) பெட்ரோல் எஞ்சினில் தானாகவே கிடைக்கும், டீசலுக்குத் தனிப் பம்ப் வேண்டும்.

பாகாயம்வாசி:
மார்க் 4, பெட்ரோல். போன மாதம் இடப்பக்கம் மட்டும் லைனிங் மாற்றினோம், அந்தப் பக்கம்தானே இழுக்கிறது. கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்தால் அந்த டிரம்மைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. வலப்பக்கம் பரவாயில்லை, குளிர்ந்தே இருக்கிறது. இதெல்லாம் முக்கியமா?

வாலாஜா பட்டறை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சு வேண்டியிருக்காது தம்பி. இழுக்கிற பக்கம் பெரும்பாலும் பிரேக் பிடிக்கிற பக்கம். குளிர்ந்திருக்கும் பக்கம்தான் சும்மா இருக்கிறது. நோயாளி வலப்பக்கம், மருந்து இடப்பக்கத்துக்குப் போயிருக்கிறது.

முன்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கித் தாங்கு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும், நீங்கள் வலச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது அதற்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். சக்கரத்துக்குப் பின்னால் ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடிங் நிப்பிளைத் தளர்த்தி மிதிக்கச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்தால் ஹோஸ் நல்லது, சிலிண்டரைக் கழற்றலாம். சொட்டினால் ஹோஸ். லைனிங்கை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முன்பக்கம் தாழ்ந்ததற்குச் சம தரையில் இரண்டு பக்க உயரத்தையும் அளந்து எழுதுங்கள். டார்ஷன் பாரின் பின்முனையில் சரி செய்யலாம். டக் சத்தம், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்ததாக இருக்கும். டிஸ்க் ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டுங்கள்: ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் பொருந்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது.

பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரையில் போய் உட்காரும்.

பாலாற்று மணல்:
ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவையும் நியூட்ரலிலேயே இறங்கியவன் நான். பெட்ரோலும் மிச்சம். எந்த ஆயிலும் கொதிக்கவில்லை.

பழைய இரும்பு:
உங்களுக்குப் பின்னால் வந்தவர்களின் அதிர்ஷ்டம். மேலே ஏறிய கியரிலேயே கீழே இறங்க வேண்டும் என்பது லாரி கிளீனருக்கே தெரியும்.

பாலாற்று மணல்:
கிளீனர்களை ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் அப்பா இருபது வருடம் லாரி ஓட்டியவர், அவரும் நியூட்ரல்தான்.

வாலாஜா பட்டறை:
மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீக்குக்கூடக் காணாது ஐயா. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டால்தான் டிரம் ஆறும்.

ஆம்பூர் வழி:
ஷாக்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அம்பாசடரிலும் ஷாக் உண்டு என்று நம்புகிறேன்.

பாகாயம்வாசி:
வலப்பக்க வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து அசையாமல் நின்றிருந்தது. புதிது போட்டாயிற்று. இப்போது நேராக நிற்கிறது. நன்றி.

வாலாஜா பட்டறை:
வலப்பக்க லைனிங்? ஆயில் மாற்றினீர்களா? உயரம் அளந்தீர்களா தம்பி?

பாலாற்று மணல்:
மலையில் நியூட்ரலில் இறங்கினாரா, அதைக் கேளுங்கள்.