பப்ளிக் ஸ்கூல், ஸ்டேட் ஸ்கூல்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியிருந்தது இது:

> பப்ளிக் ஸ்கூல் = பொதுப்பள்ளி. எல்லா நாட்டுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவுக்கு மட்டும் என்றால் சரி. வரிப்பணத்தில், கட்டணமில்லாமல் நடக்கும் பள்ளிதான் அங்கே பப்ளிக் ஸ்கூல். மினசோட்டா மாநிலம் 1991இல் சட்டம் போட்டுத் தொடங்கிவைத்த சார்ட்டர் பள்ளிகளும் அதில் அடக்கம். நடத்துவது தனி அமைப்பு, பணம் அரசுடையது.

இங்கிலாந்தில் கதையே வேறு. 1868ஆம் ஆண்டின் பப்ளிக் ஸ்கூல் சட்டம் ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் உள்ளிட்ட ஏழு பள்ளிகளுக்கானது. எல்லாம் பெருங்கட்டணம் வாங்குபவை. பிரிட்டனின் முன்னாள் பிரதமரைப் பற்றி 'போரிஸ் ஜான்சன் பொதுப்பள்ளியில் படித்தவர்' என்று எழுதிப் பாருங்கள். எளிய குடும்பத்துப் பிள்ளை போலிருக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். அவர் படித்தது ஈட்டனில்! எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனால் மறுபடி மாறுகிறது: 1872 கல்விச் சட்டத்தின்படி உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள் நடத்தியவையே பப்ளிக் ஸ்கூல். கிளாஸ்கோவின் பழைய பள்ளிக் கட்டடங்களில் அந்தப் பெயரைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போகாமல், பணம் யாருடையது, நடத்துவது யார் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குவோம். அரசுப் பணத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் 'அரசுநிதிப் பள்ளி' என்பது என் பரிந்துரை. அரசோ உள்ளாட்சியோ நேரடியாக நடத்தினால் 'அரசுப் பள்ளி'. இங்கிலாந்தின் அகாடமிகள் மைய அரசின் பணத்தில் இயங்கினாலும் அறக்கட்டளைகளின் கையில் இருப்பவை. அவை முதல் வகையில் மட்டும் வரும். ஈட்டன் வகைக்கு 'பப்ளிக் ஸ்கூல்' என்றே ஒலிபெயர்த்து, அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் 'கட்டணத் தனியார் பள்ளி' என்று விளக்கம் கொடுத்தால் போதும்.

ஸ்டேட் ஸ்கூலை, அதாவது இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியை, 'மாநிலப் பள்ளி' ஆக்குவது வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் மாநிலம் ஏது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பள்ளிப் பெயரிலேயே ஸ்டேட் ஸ்கூல் என்று வரும். நடத்துவதும் மாநில அரசுதான். ஆனாலும் 'அரசுப் பள்ளி' அங்கேயும் பொருந்துகிறது.

அப்புறம், இங்கிலாந்தில் திருச்சபைகள் நடத்தும் வாலன்டரி எய்டட் பள்ளிகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம், நிர்வாகம் திருச்சபையுடையது. தமிழ்நாட்டில் நாம் அன்றாடம் சொல்லும் 'அரசு உதவி பெறும் பள்ளி' அப்படியே பொருந்தும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.