பல்லச்சா, பற்சுவடா? அச்சுப்பொருள் தொற்றுநீக்கத்துக்கான சொற்கள்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பல் தொழில்நுட்ப மாணவர் கையேட்டில் ஒரு பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தரவேண்டும். நான்கு சொற்கள் இழுத்துப் பிடிக்கின்றன: இம்ப்ரெஷன் (வாயில் மென்பொருளை வைத்துப் பல்வரிசையைப் பதித்தெடுப்பது), கன்டாமினேஷன், டிஸ்இன்ஃபெக்‌ஷன், இம்பிபிஷன் (அந்தப் பொருள் நீரை ஈர்த்து உப்புவது). வரைவில் 'அச்சு', 'மாசு', 'கிருமிநீக்கம்', 'உள்ளீர்த்தல்' என்று போட்டிருக்கிறேன். 'அச்சைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்க' என்ற வரி தனியே நின்றால் அச்சகத்து உருளையைச் சொல்வதுபோல் இருக்கிறது. திருத்தம் சொல்லுங்கள்.

மடல் 2: பல் மருத்துவ ஆசிரியர்

வணக்கம் அம்மா. அச்சைவிட 'கிருமிநீக்கம்'தான் எனக்கு இடிக்கிறது. அழுத்தக்கலனில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் வைப்பதையும் அதே சொல்லால்தான் பலர் எழுதுகிறார்கள். அது ஸ்டெரிலைசேஷன், பாக்டீரியாவின் வித்துகள் உட்பட எதுவும் மிஞ்சாது. நீரில் குழைத்து எடுக்கும் ஆல்ஜினேட் அச்சை அந்தக் கலனில் வைத்தால் அச்சே மிஞ்சாது. அச்சுக்கு நாம் செய்வது வேதிக்கரைசலால் நோய்க்கிருமிகளை ஒடுக்குவது, வித்துகள் தப்பிக்கும். 1968இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்பால்டிங் வகுத்த உயர், இடை, தாழ் என்ற கிருமி ஒடுக்கும் படிநிலையில் இது இடைநிலை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2003 வழிகாட்டியும் அச்சுகளுக்கு இடைநிலையையே சொல்கிறது.

ஒரே சொல் இரண்டு வேலைக்கும் நின்றால், கரைசலில் முக்கி எடுத்த அச்சைக் கையுறை இல்லாமல் தொடலாம் என்று மாணவர் நம்பிவிடுவார். டிஸ்இன்ஃபெக்‌ஷனுக்குத் 'தொற்றுநீக்கம்', ஸ்டெரிலைசேஷனுக்குக் 'கிருமி முற்றழிப்பு' என்று பிரித்துவிடுங்கள்.

மடல் 3: இலக்கண ஆர்வலர்

ஆசிரியர் ஐயா சொன்ன பிரிவு செம்மையானது. நான் அச்சுக்கு வருகிறேன்.

குறளில் 'அச்சிறும்' என்னும்போது அச்சு வண்டியின் இருசு. வார்க்கும் அச்சும் அதுவும் ஒரு சொல்லா, இரு சொல்லா என்பதே இன்னும் வாதத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு அச்சகம், அச்சுப்பிழை, அச்சாணி. இத்தனை சுமை ஏறிய சொல்லில் பல்லையும் ஏற்றவேண்டுமா? 'சுவடு' இருக்கிறதே! கால் பதிந்த குழி சுவடு. மென்மையான பொருளில் பல் பதிந்த குழியும் சுவடுதான். எழுத்தாணியின் கீறல் பதிந்ததால்தான் ஏடு 'சுவடி' ஆயிற்று என்பது என் துணிபு. பல் + சுவடு = பற்சுவடு; லகரம் வல்லினத்தின்முன் றகரமாகும். 'பற்குறி' மட்டும் வேண்டாம். அகப்பாடல் படித்தவர்கள் நகக்குறியோடு சேர்த்து வேறொன்றை நினைப்பார்கள்.

மடல் 4: பல் ஆய்வுக்கூடத் தொழில்நுட்புநர்

ஐயா, பற்சுவடு அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் மேசையில் அது குழப்பும். குழியாக வருவது அச்சு. அதில் ஜிப்சம் ஊற்றி எடுக்கும் மேடுள்ள பல்வரிசை வார்ப்பு. அச்சும் வார்ப்பும் கொல்லரிடமும் சிற்பியிடமும் ஏற்கெனவே இணையாக நிற்கும் சொற்கள். சுவடு என்றால் அதற்கு இணை எது? நடந்து முடிந்ததின் மிச்சம் சுவடு. அச்சிலிருந்து இன்னொன்று பிறக்கவேண்டும். பேச்சில் எல்லாரும் 'அளவு எடுப்பது' என்பார்கள். கையேட்டில் அளவு என்று போட்டால் மில்லிமீட்டரோடு மோதும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. வரைவில் 'கரைசலில் ஊறவைக்கவும்' என்று இருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள். ஊறவைப்பது என்றால் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது. ஆல்ஜினேட் நீரைக் குடித்து உப்பும். வெளியே காய விட்டால் நீரைக் கக்கிச் சுருங்கும். இரண்டிலும் அளவு பிசகி, செய்த பல்தொகுதி வாயில் உட்காராது. பாலிஈதர் என்ற அச்சுப்பொருளும் 10 நிமிடத்துக்கு மேல் தாங்காது. சேர்ப்புவகை சிலிக்கோன் என்ற இன்னொன்று நீருக்கு அவ்வளவாக அசையாது. அதை 2 விழுக்காடு குளூட்டரால்டிகைடு என்ற கிருமிக்கொல்லிக் கரைசலிலும் வைக்கலாம், காற்றோட்டமும் கையுறையும் இருந்தால். 'அமிழ்த்துக' என்று எழுதுங்கள். அமிழ்த்தினால் எடுக்கவேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். வாயிலிருந்து எடுத்ததும் ஓடும் நீரில் கழுவுதல். வழுவழுப்பான எச்சில் போகாவிட்டால் ஜிப்சத் தூளைச் சிறிது தூவி மென்தூரிகையால் நீவிக் கழுவுதல். எச்சிலும் இரத்தமும் மிஞ்சினால் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்புக்கரைசலின் வலிமை அவற்றிலேயே செலவாகிவிடும். பிறகு நீரை உதறிவிட்டு 0.5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கரைசலில் 10 நிமிடம். ஆல்ஜினேட்டுக்குத் தெளித்து, மூடிய பையில் அதே நேரம் வைப்பதும் உண்டு. உட்குழிவுகளில் தெளிப்பு எட்டாமல் போகும் என்பதால் நான் அமிழ்த்துவதையே விரும்புவேன். இறுதியில் மறுபடி கழுவுதல். கரைசல் தங்கினால் ஜிப்சத்தின் மேற்பரப்பு மாவாக உதிரும்.

மடல் 5: பல் மருத்துவ ஆசிரியர்

முழுக்க உடன்படுகிறேன். ஒரு திருத்தம்: அந்த 0.5 விழுக்காட்டுக் கரைசலைக் கலக்க, வரைவில் '1:10' என்று மட்டும் இருக்கிறது. ஒரு பங்கோடு பத்துப் பங்கு நீரா, மொத்தம் பத்துப் பங்கா? 5.25 விழுக்காட்டு வெளுப்புக்கரைசல் 100 மி.லி.யோடு நீர் 900 மி.லி. என்று எழுதுங்கள். அன்றன்று கலக்கவேண்டும், வைத்திருந்தால் வலிமை குறையும். அச்சு எடுக்கும் உலோகத் தட்டை அரிக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வளி எழும். இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மடல் 6: இலக்கண ஆர்வலர்

'ஊறவைக்க' போகட்டும், ஊறு போகவேண்டாம். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்னும் இடத்தில் ஊறு தொடுவுணர்வு. 'ஊறு செய்தான்' என்றால் தீங்கு. ஊறுதல் கசிந்து சுரத்தல். தொட்டதால் வரும், கசிந்து பரவும், தீங்கு தரும்: கன்டாமினேஷனின் மூன்று இயல்பும் ஒரே சொல்லில்! 'ஊறுமாசு' என்று வைக்கலாமே. வெறும் 'மாசு' புகையையும் தூசியையும் நினைவூட்டுகிறது.

மடல் 7: தொழில்நுட்புநர்

மூன்று பொருளும் சரிதான் ஐயா. ஆனால் கையுறை போட்ட கையோடு சுவரில் ஒட்டிய குறிப்பைப் படிப்பவருக்கு ஒரு நொடிதான் இருக்கும். அந்த நொடியில் ஊறுமாசு புரியாது. 'கிருமிமாசு' புரியும்.

மடல் 8: பல் மருத்துவ ஆசிரியர்

முன்னொரு பட்டியலில் இதற்குத் 'தீட்டு' என்று பார்த்த நினைவு. அது வேண்டவே வேண்டாம். மனிதரை ஒதுக்கிவைக்கப் பயன்பட்ட சொல்லை ஆய்வுக்கூடத்துக்குள் விடக்கூடாது. கிருமிமாசு போதும். அச்சில் ஒட்டிய ஸ்ட்ரெப்டோகாக்கசும் ஸ்டஃபிலோகாக்கசும் ஈரமான ஜிப்சத்துக்குத் தாவி வார்ப்பிலும் உயிரோடு இருக்கும். கேண்டிடா போன்ற பூஞ்சையும் உண்டு. ஆகவே 'பாக்டீரியா மாசு' என்று குறுக்காமல் 'கிருமி' என்பதே பொருந்தும்.

மடல் 9: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படிப் போகிறேன்: பல்லச்சு (தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும், எனவே சேர்த்தே எழுதுகிறேன்), கிருமிமாசு, தொற்றுநீக்கம், கிருமி முற்றழிப்பு. அமிழ்த்துக. இம்பிபிஷனுக்கு, தாவரவியலில் பழகிய 'உள்ளீர்த்தல்' இருக்கட்டும். முதல் இடத்தில் மட்டும் 'நீரை ஈர்த்து உப்புதல்' என்று விளக்கம்.

மடல் 10: இலக்கண ஆர்வலர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். பற்சுவட்டைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகவாவது சேருங்கள்.

மடல் 11: தொழில்நுட்புநர்

உள்ளீர்த்தலில் எனக்கு உடன்பாடில்லை. விதை நீரை ஈர்ப்பது நல்லது, முளைக்கும்; அச்சு ஈர்ப்பது கேடு. 'உப்பல்' என்றால் கேடு காதிலேயே விழும். அதன் எதிர்ச்செயலான, அச்சு நீரைக் கக்கிச் சுருங்கும் சினெரிசிசுக்கு 'வற்றல்' என்றா போடுவது, 'கக்கல்' என்றா? அதை இன்னும் யாரும் தொடவில்லை. அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.